ஊதாப் பசுவின் ஊரில் ஒரு சனிக்கிழமை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்கு மூலையில், அட்லாண்டிக் சமுத்திரத்துக்கும் கனடா தேசத்து எல்லைக்கும் நடுவே ஆறு சிறு மாகாணங்களாகக் கிடக்கும் நியூ இங்கிலாந்து என்னும் பிரதேசத்துக்கு யாத்திரை போகிறவர்கள், பெரும்பாலும் அக்டோபர் மாதத்தில், மேப்பிள் மரங்களின் இலைகள் செம்மையும் பொன்மையுமாக நிறம் மாறுகிற சமயத்தைத் தேர்ந்துகொண்டு போகிறார்கள். அந்த இலைகளெல்லாம் உதிர்ந்து, மலைகள் பழுப்பேறி, மாலை நாலரை மணிக்கே இருட்டிவிடுகிற நவம்பர் மாதத்தில் போகிறேன் என்று நான் சொன்னபோது நண்பர்கள் வியந்தார்கள். நான் பார்க்க விரும்பியதோ இலையை அல்ல. அந்த மாதத்தில் ஒரு சனிக்கிழமையன்று, ஆளுக்கு இரண்டாயிரம் மாணவர்களைக்கூட எட்டாத அல்லது எட்டித் தொடுகிற இரண்டு தனியார் கல்லூரிகள், வில்லியம்ஸும் ஆம்ஹர்ஸ்டும், தம்முள் ஆடுகிற ஓர் ஆட்டத்தை. அதைவிடவும், அந்த ஆட்டத்தை ஆள்கிற ஒரு விசித்திரமான உடன்படிக்கையை அதன் சொந்த மண்ணிலே பார்க்க வேண்டுமென்பது என் உத்தேசம்.

ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்திலிருந்து புறப்பட்டேன். கனெக்டிகட் நதிக்கரையில் உள்ள அந்த நகரத்தை நம்மவர்கள் அதிகம் அறியமாட்டார்கள். ஆயினும் நம் ஊர்ப் பள்ளிக்கூட மைதானங்கள் அதற்குக் கடன்பட்டவை. அங்கிருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், 1891-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், பனியினால் வெளியே போக முடியாமல் அடைபட்டுக் கிடந்த மாணவர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு வேண்டுமென்று யோசித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் உபாத்தியாயர், பீச் பழக் கூடைகள் இரண்டை எதிரெதிரே உயரத்தில் ஆணியடித்து மாட்டி, பதின்மூன்று விதிகளை எழுதி ஒட்டியதிலிருந்து பிறந்ததுதான் கூடைப்பந்து. ஆற்றின் போக்குக்கு எதிராகச் சில மைல் வடக்கே போனால் ஹோலியோக் என்னும் ஆலை நகரம். அங்கே 1895-இல் வில்லியம் மார்கன் என்பவர், கூடைப்பந்தின் ஓட்டத்தைத் தாங்கமாட்டாத நடுவயது வியாபாரிகளுக்காகக் கைப்பந்தை வகுத்தார். அறுவடை முடிந்த வயலில் இரண்டு கம்பம் நட்டு வலை கட்டி நம் கிராமத்து இளைஞர்கள் ஆடுகிற ஆட்டம், தொந்தி விழுந்த அமெரிக்க வர்த்தகர்களுக்காக ஏற்பட்டதென்பதை எண்ணி நான் சிறிது நேரம் அந்தத் தெருவில் நின்று சிரித்தேன். ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவரே சென்னைக்கு வந்து, 1920-இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை ஸ்தாபித்தார். நம் நாட்டுப் பள்ளிகளின் உடற்பயிற்சி ஆசிரியர்களில் எத்தனையோ தலைமுறையினர் அந்தக் கல்லூரியின் வழியாக வந்தவர்கள்.

ஹோலியோக்கிலிருந்து ஆம்ஹர்ஸ்ட் அதிக தூரமில்லை. செங்கல் கட்டடங்களும் புல்வெளியுமாக ஒரு சிறு குன்றின்மேல் அமர்ந்திருக்கும் அந்தக் கல்லூரியின் பிறப்பே ஒரு சண்டையில் விளைந்தது. மலைகளுக்கு நடுவே, உலகத்தின் ஒதுக்குப்புறமான வில்லியம்ஸ்டவுனில் 1793-இல் தோன்றிய வில்லியம்ஸ் கல்லூரி, அந்த இடத்திலே பிழைக்காது என்று முடிவு செய்த அதன் தலைவர் ஸெஃபானையா ஸ்விஃப்ட் மூர், 1821-இல் மாணவர் சிலரையும் அழைத்துக்கொண்டு இங்கே வந்து புதிய கல்லூரிக்குத் தலைவரானார். போகிறபோது வில்லியம்ஸ் நூலகத்துப் புத்தகங்களையும் வண்டியிலே ஏற்றிக்கொண்டு போய்விட்டார் என்று வில்லியம்ஸ்காரர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். அதற்குப் பிரமாணம் எதுவுமில்லை என்று சரித்திரம் அறிந்தவர்கள் மறுக்கிறார்கள். மறுத்து என்ன பயன்? பகைமைக்கு வேண்டியது ஒரு நல்ல கதை, அது கிடைத்துவிட்டது.

பிராட் மைதானம் என்று 1891 முதல் வழங்கும் ஆம்ஹர்ஸ்டின் ஆட்டக்களத்தைச் சுற்றிவிட்டு, கல்லூரியின் இயற்கை விஞ்ஞானக் காட்சிச்சாலைக்குள் போனேன். பூர்வகாலத்து மாபெரும் யானையொன்றின், மம்மத் என்கிறார்களே அதன், எலும்புக்கூடு அங்கே நிமிர்ந்து நிற்கிறது. இந்தக் கல்லூரி அணியினர் நெடுங்காலம் ஜெஃப்ரி ஆம்ஹர்ஸ்ட் பிரபுவின் பெயரால் அழைக்கப்பட்டு வந்தார்கள். செவ்விந்தியர்களுக்குப் பெரியம்மை தொற்றிய போர்வைகளைக் கொடுத்து மாய்க்கலாம் என்னும் யோசனையை ஆதரித்துக் கடிதம் எழுதிய அந்தப் படைத்தலைவனின் பெயர் தமக்கு வேண்டாமென்று மாணவர்கள் கிளர்ந்தெழுந்ததன் பயனாக, 2017-இல் மம்மத் அவ்விடத்தைப் பிடித்தது. புலியும் வில்லும் மீனும் மூவேந்தர் கொடியில் நின்றது போல நான் முன்னே குறித்த உடன்படிக்கையில் சேர்ந்த கல்லூரிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னம் உண்டு: வடதுருவத்தைத் தேடிப்போன ராபர்ட் பியரி படித்த போடின் கல்லூரிக்கு வெண்கரடி, கோல்பிக்குக் கோவேறு கழுதை, கனெக்டிகட் கல்லூரிக்கு, எங்கிருந்தோ, ஒட்டகம். பாஸ்டன் நகரத்தை ஒட்டிய டஃப்ட்ஸுக்கு ஜம்போ என்னும் யானை. சர்க்கஸ் முதலாளி பார்னம் வைத்திருந்த அந்த யானை 1885-இல் கனடாவில் ரயிலில் அடிபட்டு இறந்தபின், அதன் தோலைப் பாடம் பண்ணிக் கல்லூரிக்கு அளித்தார்கள். 1975-இல் நேர்ந்த தீ விபத்தில் அது எரிந்துபோயிற்று. மிஞ்சிய சாம்பலை ஒரு வேர்க்கடலை வெண்ணெய் ஜாடியில் எடுத்து விளையாட்டுத் துறை அலுவலகத்தில் பத்திரப்படுத்தினார்கள். வில்லியம்ஸின் சின்னமோ ஊதா நிறப் பசு. ஆம்ஹர்ஸ்டுக்கும் வில்லியம்ஸுக்கும் கொடியின் நிறமும் ஊதாவே ஆகையால், இரண்டு கட்சியாரும் ஒரே நிறத்துச் சால்வையைப் போர்த்திக்கொண்டு ஒருவரையொருவர் ஏசுகிற அழகை மறுநாள் காண வாய்த்தது.

ஆம்ஹர்ஸ்டிலிருந்து வில்லியம்ஸ்டவுனுக்குப் போகிற மார்க்கம், மொஹாக் பாதை என்று 1914 முதல் மோட்டார்களுக்குத் திறந்துவிடப்பட்ட மலைச்சாலை. டீர்ஃபீல்டு நதியின் கரையோடு வளைந்து ஏறி, ஹூஸாக் மலைத்தொடரின் முகட்டைத் தொட்டு, அங்கிருந்து ஒரு கொண்டையூசி வளைவில் திரும்பி இறங்கும்போது, கீழே நார்த் ஆடம்ஸ் நகரத்தின் கூரைகளும் எதிரே, இரு கல்லூரிகளும் உள்ள மாகாணத்தின் மிக உயர்ந்த சிகரமாகிய கிரேலாக்கும் ஒருங்கே கண்ணில் படுகின்றன. 1859-இல் இந்தச் சாலை இல்லை. இந்த மலையைத் துளைத்த ரயில் சுரங்கமும் முடியவில்லை. அந்த ஆண்டு ஜூலை முதல் தேதி, இரண்டு கல்லூரி மாணவர்களும் நடுநிலையான இடமென்று பிட்ஸ்ஃபீல்டு நகரத்துக்குச் சென்று பேஸ்பால் ஆடினார்கள். அமெரிக்கக் கல்லூரிகள் தம்முள் ஆடிய முதல் பேஸ்பால் ஆட்டம் அதுவே. கட்சிக்குப் பதின்மூன்று பேர். அவரவர் பந்து அவரவருக்கு. முடிவில் ஆம்ஹர்ஸ்ட் 73, வில்லியம்ஸ் 32. உடல்வலிமைக்குச் சவால் விட்டால் புத்திக்கும் சவால் உண்டென்று வில்லியம்ஸ்காரர்கள் சதுரங்கத்துக்கும் அழைத்திருந்தார்கள். மறுநாள் ஆடிய அதிலும் ஆம்ஹர்ஸ்டே வென்றது. உடலும் அறிவும் ஒரே பந்தயத்தில் வைக்கப்பட்ட அந்த இரண்டு நாட்களை நான் அறிந்த எந்தக் கல்வித் திட்டத்தைவிடவும் மேலாக மதிக்கிறேன்.

இனி, உடன்படிக்கையின் விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவிலே பெரிய பல்கலைக்கழகங்களின் விளையாட்டு என்பது ஒரு பெரும் வியாபாரம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மைதானத்தில் 1,00,000 பேருக்கு மேல் அமரலாம்; பல மாகாணங்களில் சர்க்கார் சம்பளம் வாங்குகிறவர்களுள் கவர்னரும் நீதிபதியும் பின்தங்க, முதலிடத்தில் நிற்பவர் பல்கலைக்கழகத்தின் கால்பந்துப் பயிற்சியாளர். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுகிற அந்த ஆட்டத்துக்காகவே பிள்ளைகளுக்கு உபகாரச் சம்பளம் கொடுத்து அழைத்து வருகிறார்கள். இந்தப் பிரவாகத்தில் சிறு கல்லூரியொன்று தனித்து நின்று, நான் மட்டும் நியாயமாக ஆடுகிறேன் என்றால், அது சனிக்கிழமைதோறும் தோற்பதைத் தவிர வேறு பலன் காணாது. ஒருவர் ஆயுதத்தைக் கீழே வைக்க வேண்டுமானால் எதிரியும் அதே க்ஷணத்தில் வைக்க வேண்டும். இதை உணர்ந்த ஆம்ஹர்ஸ்ட், போடின், வெஸ்லியன், வில்லியம்ஸ் ஆகிய நான்கு கல்லூரிகளும் 1955-இல் தமக்குள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன் விரிவாக, 1971-இல் பதினொரு கல்லூரிகள் சேர்ந்து நியூ இங்கிலாந்துச் சிறு கல்லூரி விளையாட்டுக் கூட்டமைப்பு என்பதை ஏற்படுத்தின. பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்து அதை நெஸ்கேக் என்று வழங்குகிறார்கள். யூனியன் கல்லூரி 1977-இல் விலகிற்று. அவ்விடத்துக்கு 1982-இல் கனெக்டிகட் கல்லூரி வந்தது. ஹாமில்டன் கல்லூரி நியூயார்க் மாகாணத்தில் இருக்கிறது. ஆனால் பூகோளத்தைப் பற்றி யாரும் அங்கே கண்டிப்பாக இருந்ததாகத் தெரியவில்லை.

கண்டிப்பெல்லாம் வேறு இடத்தில். விளையாட்டுக்காக எவனுக்கும் உபகாரச் சம்பளம் இல்லை. குடும்பத்தின் வறுமையை அளந்துதான் உதவி. விளையாடுகிறவர்கள் பொதுவான மாணவர் கூட்டத்தின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டுமேயன்றி, அதற்குள் ஒரு தனிச் சாதியாகிவிடக் கூடாது. ஆட்டத்தின் பருவம் குறுகியது. கால்பந்துக்காரர்கள் வசந்தகாலத்தில் பயிற்சிக்குக் கூடலாகாது என்றும் நெடுங்காலம் விதி இருந்தது. இவற்றுக்கெல்லாம் மேலாக, இறுதி அதிகாரம் பயிற்சியாளர்களிடத்திலோ விளையாட்டுத் துறையினரிடத்திலோ அன்றி, கல்லூரித் தலைவர்களிடத்தில் உள்ளது. தொடக்கத்தில் அணிகள் தேசியப் பந்தயங்களுக்குப் போவதையே தடுத்திருந்தார்கள். 1993-இல்தான் அதைப் பரீட்சார்த்தமாக அனுமதித்து, பிறகு நிலைப்படுத்தினார்கள். அப்பொழுதும் கால்பந்துக்கு அந்தத் தளர்வு கிட்டவில்லை. ஆகவே பல்லாண்டுகளாக, கால்பந்து ஆடுகிற பத்துக் கல்லூரிகளும் ஒன்றோடொன்று மட்டுமே மோதி, நவம்பரின் இரண்டாவது வாரத்தோடு ஆயுதங்களை உறையில் இட்டுவந்தன. 2016 வரை ஓர் அணிக்கு எட்டு ஆட்டம். அதற்குப் பின் ஒன்பது. இந்த வைராக்கியத்தால் விளைந்த ஒரு நன்மையை விதி வகுத்தவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்: மேலே போவதற்குப் படியே இல்லாதிருந்த காரணத்தால், கடைசிச் சனிக்கிழமையின் ஆட்டத்திலே ஒரு வருஷத்தின் மானமும் அவமானமும் முழுவதும் வந்து குவிந்துவந்தது. வில்லியம்ஸ்–ஆம்ஹர்ஸ்ட் பகை 1884 முதல் கால்பந்திலும் தொடர்ந்து வருவதன் உக்கிரத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தக் கூட்டமைப்பு பிறந்த காலமும் கவனிக்கத்தக்கது. ஆண்களுக்கென்றே இருந்த இக்கல்லூரிகளுள் சில பெண்களுக்குக் கதவைத் திறந்த ஆண்டுகள் அவை: வில்லியம்ஸ் 1970-இலும் போடின் 1971-இலும் ஆம்ஹர்ஸ்ட் 1975-இலும். அடிமை ஒழிப்புக் கட்சியினர் ஏற்படுத்திய பேட்ஸ் கல்லூரி மாத்திரம் 1855-இல் தோன்றியபோதே இருபாலாரையும் சேர்த்துக்கொண்டது. போடினிலே படித்து 1979-இல் பட்டம் பெற்ற ஜோன் பெனாய்ட், 1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில், பெண்களுக்கென்று முதன்முதலாக வைக்கப்பட்ட மாரத்தான் ஓட்டத்தில் முதலாவதாக வந்தார். நூறாண்டு ஆண்கள் ஓடிய கல்லூரிக்கு, கதவு திறந்து பதின்மூன்றே ஆண்டுகளில் ஒரு பெண் கொண்டுவந்த கீர்த்தி அது.

வில்லியம்ஸ்டவுனில் சனிக்கிழமை காலையில், ஆட்டத்துக்கு நேரமிருந்தபடியால், கல்லூரியை அடுத்த மிஷன் பூங்காவுக்குப் போனேன். மரங்களுக்கு நடுவே, உச்சியில் பூகோளத்தைத் தாங்கிய ஒரு பளிங்குக் கம்பம் நிற்கிறது. 1806-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், பிரார்த்தனைக்கு வந்த ஐந்து மாணவர்கள் இடியும் மழையும் வரவே ஒரு வைக்கோற்போரின் அடியில் ஒதுங்கி, கிழக்கு தேசங்களுக்குப் போய் மதப்பிரசாரம் செய்வதென்று அங்கேயே பிரதிக்ஞை செய்துகொண்டார்கள். அதன் ஞாபகார்த்தமாக 1867-இல் நாட்டிய கம்பம் இது. அந்த வைக்கோற்போரின் கதை தமிழர்க்கு அந்நியமானதன்று. அந்தச் சங்கல்பத்திலிருந்து 1810-இல் எழுந்த அமெரிக்க மிஷன் சபை, 1816-இல் யாழ்ப்பாணத்துக்கும் 1834-இல் மதுரைக்கும் ஆட்களை அனுப்பிற்று. ஐவருள் ஒருவராகிய ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ் யாழ்ப்பாணத்துக்கே போய் அங்கேயே 1822-இல் மாண்டார். அவர்கள் நடத்திய வட்டுக்கோட்டைக் கல்விச்சாலையிலே படித்தவர்தாம் பழந்தமிழ் ஏடுகளைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம் பிள்ளை. மதுரை அமெரிக்கன் கல்லூரியின் மூலவராகிய ஜார்ஜ் வாஷ்பர்ன் இந்த வில்லியம்ஸ் கல்லூரியில் 1855-இல் பட்டம் பெற்றவர். அவருக்கு அடுத்த வகுப்பில் இருந்தவர் பிற்காலத்தில் ஜனாதிபதியான கார்ஃபீல்டு. தமிழ்–ஆங்கிலப் பேரகராதி தந்த மைரன் வின்ஸ்லோவோ, இதே கூட்டமைப்பைச் சேர்ந்த வெர்மான்ட் மாகாணத்து மிடில்பரி கல்லூரியின் 1815-ஆம் வருஷத்து மாணவர். மதப்பிரசாரத்தைப் பற்றி எனக்குள்ள அபிப்பிராயம் வேறாயினும், மதுரைக் கோரிப்பாளையத்து அமெரிக்கன் கல்லூரியின் செங்கல் கட்டடங்களின் வேர் இந்த ஈரமான புல்தரையில் இருக்கிறதென்பதை மறக்க முடியவில்லை.

நடுப்பகலுக்குள் மைதானத்தைச் சுற்றிலும் மோட்டார்கள் வந்து நின்றுவிட்டன. பழைய மாணவர்கள் வண்டியின் பின்கதவைத் திறந்துவைத்து, அதிலேயே அடுப்பு மூட்டி, இறைச்சி வாட்டி, சூடான ஆப்பிள் சாறு ஊற்றிக் கொடுத்து, முப்பது நாற்பது ஆண்டுப் பிரிவைக் கால் மணி நேரத்தில் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். 2007-இல் ஈ.எஸ்.பி.என். தொலைக்காட்சிக்காரர்கள் பெரிய பல்கலைக்கழகங்களையெல்லாம் விட்டுவிட்டு இந்த ஊருக்கு வந்து படம்பிடித்ததைப் பற்றிச் சொல்லாதவர் இல்லை. எனக்குப் பக்கத்தில் ஒரு கம்பளியை முழங்காலில் விரித்து உட்கார்ந்திருந்த முதியவர், இக்கல்லூரியில் ஆடியவர், ஆட்டத்தின் நுட்பங்களை எனக்குப் பொறுமையாக எடுத்துரைத்தார். எண்பதை நெருங்கிய அந்த மனிதர், தம் கட்சிப் பையன் ஒருவன் பந்தை நழுவவிட்டபோது எழுந்து நின்று சொன்ன வார்த்தைகளை எடுத்துரைக்கவில்லை.

அன்றைக்கு வில்லியம்ஸ் வென்றது. வெல்லுகிற ஆண்டுகளில் 1971 முதல் ஒரு சம்பிரதாயம் உண்டு: உடுப்பைக்கூட மாற்றாமல், சேறும் வியர்வையுமாக, ஆட்டக்காரர்கள் ஸ்பிரிங் தெரு வழியே ஊர்வலமாக நடந்து செயின்ட் பியர் என்பவரின் முடிதிருத்தும் கடைக்குப் போகிறார்கள். ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகை 1992-இல் இந்த நடையை, ஆட்டத்துக்குப் பிந்திய சம்பிரதாயங்களில் நாட்டிலேயே சிறந்ததென்று எழுதிற்று. தெருவின் இருபுறமும் தாய்மார்களும் கடைக்காரர்களும் நின்று கைதட்ட, இளைஞர்கள் தொண்டை கிழியப் பாடிக்கொண்டு போனார்கள். ஒரு கோப்பை இல்லை, பணமுடிப்பு இல்லை. முடிதிருத்தும் கடைதான் மோட்சம். இது எனக்குப் பரம திருப்தியாக இருந்தது.

எனினும் முதியவரிடத்தில் ஒரு சந்தேகத்தைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. இக்கல்லூரிகள் சிலவற்றில் மாணவர்களுள் மூன்றிலொரு பங்கினர் ஏதேனும் ஓர் அணியில் ஆடுகிறவர்கள். ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் முப்பதாயிரம் பேருக்கு நடுவே எழுநூறு ஆட்டக்காரர்கள் கரைந்துவிடுவார்கள். இரண்டாயிரம் பேருக்கு நடுவே அதே எழுநூறு பேர் கல்லூரியின் முகத்தையே மாற்றிவிடுவார்கள். இடம் கேட்டு வருகிற பல்லாயிரம் பேரில் சொற்பமானவர்களையே சேர்த்துக்கொள்ளும் இந்த ஸ்தாபனங்களில், பயிற்சியாளரின் சிபாரிசுக்கென்று சில இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. உபகாரச் சம்பளம் இல்லையென்பது மெய். ஆனால் வாசற்கதவையே திறந்துவிடுவது அதனினும் பெரிய தானமல்லவா? வில்லியம் போவென் என்னும் கல்விப் பெரியார் ஜேம்ஸ் ஷுல்மன் என்பவரோடு சேர்ந்து 2001-இல் வெளியிட்ட நூல் இந்தக் கேள்வியைத்தான் எழுப்பிற்று.

"ஐயா, நீங்கள் சொல்வது நிஜம்," என்றார் அவர். "கணக்குப் பாடத்தில் நான் சுமார்தான். பந்து இல்லாவிட்டால் என்னை இந்த ஊருக்குள் விட்டிருப்பார்களா என்பது எனக்கே ஐயம். என்னை அனுப்பிவிட்டு ஒரு நல்ல கணிதப் பையனைச் சேர்த்திருக்கலாம். ஆனால் அவனுக்காக யார் இந்தக் குளிரில் வந்து உட்காருவார்கள்?"

அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. விரதம் இருப்பவர்களுக்கும் பசி உண்டு. நாடு முழுவதிலும் உள்ள இத்தகைய கல்லூரிகளுள் எல்லா விளையாட்டுக்களையும் சேர்த்து முதலிடம் பெறுவதற்கென்று 1990-களின் நடுவிலே ஒரு பரிசை ஏற்படுத்தினார்கள். அதற்குப் பின்வந்த ஆண்டுகளில் மிகப் பெரும்பாலும் அதைத் தூக்கிச் சென்றது, தேசியப் பந்தயமே வேண்டாமென்று ஒரு காலத்தில் ஒதுங்கியிருந்த வில்லியம்ஸ்தான்.

நியூயார்க்குக்குத் திரும்பும் வழியில் ஹார்ட்ஃபோர்டு நகரத்தில் இறங்கி, இந்தக் கூட்டமைப்பின் மற்றோர் உறுப்பாகிய டிரினிட்டி கல்லூரியைப் பார்த்தேன். அங்கே பார்க்கவேண்டியது கால்பந்து மைதானமல்ல; ஸ்குவாஷ் கூடங்கள். ஸ்குவாஷ் ஆட்டத்தை அமெரிக்கக் கல்லூரிகளின் பொதுவான விளையாட்டு அதிகாரசபை ஆள்வதில்லை. அதிலே சிறிய கல்லூரி, பெரிய பல்கலைக்கழகம் என்ற பிரிவும் கிடையாது. ஆகவே இரண்டாயிரத்துச் சில்லறை மாணவர்களைக் கொண்ட டிரினிட்டி, ஹார்வர்டோடும் யேலோடும் பிரின்ஸ்டனோடும் சரிநிகராக மோதலாம். பால் அசையான்டே என்னும் பயிற்சியாளர், அமெரிக்கப் பள்ளிகளோடு நிற்காமல், இந்தியா முதலான வெளிநாடுகளிலிருந்தும் இளைஞர்களை அழைத்துவந்து அணி சேர்த்தார். 1998-இல் தொடங்கிய வெற்றி வரிசை நிற்கவே இல்லை. 1999 முதல் 2011 வரை பதின்மூன்று தேசியப் பட்டங்கள் தொடர்ச்சியாக வந்தன. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் சரித்திரத்தில் அதுபோல ஒரு வரிசை கிடையாதென்கிறார்கள். கூடத்துக்குள் இரண்டு பையன்கள் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள்; கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்று, அந்தக் கறுப்பு ரப்பர்ப் பந்தின் ஓசையைக் கேட்டபடி சுவரிலிருந்த பெயர்ப் பட்டியல்களை வாசித்தேன். ஒப்பந்தத்தின் விதிகளில் எதையும் அவர்கள் மீறவில்லை. விதி வகுத்த தலைவர்களின் மனத்தில் ஸ்குவாஷ் இருந்திராது, அவ்வளவுதான். 252 போட்டிகளுக்குப் பின், 2012 ஜனவரி 18-ஆம் தேதி, யேல் 5–4 என்ற கணக்கில் அவர்களைத் தோற்கடித்தது. மறுவருஷமே டிரினிட்டி பட்டத்தை மீட்டுக்கொண்டது.